போர்ஷன் முடிந்தது

வேதியியலில் எங்களுக்குத் தெரியாதது என்று ஒன்றும் கிடையாது. எந்த யூனிட்டிலிருந்து எத்தனை மார்க் வரும் என்பது வரைக்கும் தெரியும்.

எங்களுக்கு என்றால், பாலாற்றங்கரை ஊர் ஒன்றின் மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் கெமிஸ்ட்ரி சாராக இருந்துவிட்டு, 2019-ல் மாலையும் சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த எனக்கும், என் இனத்தாருக்கும். அந்த 31 வருடத்தில் போர்ஷன் முடிக்காத வருடம் ஒன்று கிடையாது. அரையாண்டுக்குள் பாடம் முடிந்துவிடும். ஜனவரியில் ரிவிஷன், பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதம் ரிசல்ட், ஜூன் மாதம் முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டம். அந்தக் கூட்டங்களில் எந்த அலுவலரும், உங்கள் பிள்ளைகளுக்கு வேதியியல் வருகிறதா என்று என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு வியர்த்திருக்கும். “பர்சன்டேஜ் எவ்வளவு?” என்றுதான் கேட்டார்கள். தொண்ணூற்று நாலு என்று சொன்னால், “மீதி ஆறு எங்கே போச்சு?” என்பார்கள். கல்லாப் பெட்டியில் பணம் குறைந்த முதலாளியின் குரல் அது.

இப்போதைய பிள்ளைகளுக்குப் புளூபிரிண்ட் என்றால் என்னவென்று தெரியாது, பாவம். பாடப்புத்தகத்துக்கும் கேள்வித்தாளுக்கும் அரசாங்கமே பார்த்துக் கொடுத்த ஜாதகப் பொருத்தம் அது. இந்த யூனிட்டில் ஒரு பத்து மார்க், அந்த யூனிட்டில் ஓர் ஐந்து மார்க், இரண்டு ஒரு மார்க் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். நாங்களும் ஜோசியர்களைப் போல அதைக் கையில் வைத்துக்கொண்டு பலன் சொல்வோம். கணக்கு வருகிற யூனிட் சனி. கதை எழுதுகிற யூனிட் குரு. சனியைத் தொடாமல் குருவைப் பிடித்துக்கொண்டால் பாஸ் உறுதி. பரிகாரம் வேண்டுமென்றால் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ்.

கரிம வேதியியலில் ஒரு கட்டாயக் கேள்வி வரும். ‘ஏ’ என்ற சேர்மம் ‘பி’யாக மாறுகிறது, ‘பி’ மேலும் வினைபுரிந்து ‘சி’யாக மாறுகிறது, ‘ஏ’, ‘பி’, ‘சி’ யாவை? உண்மையில் நல்ல கேள்வி. துப்புத் துலக்குகிற மூளை வேண்டும். எங்கள் பிள்ளைகள் அந்த மூளையைச் செலவழிக்காமல் மிச்சம் பிடிக்க வழி கண்டுபிடித்தார்கள். பத்து வருடத்துக் கேள்வித்தாளில் வந்த ‘ஏ’, ‘பி’, ‘சி’ அத்தனையையும் மனப்பாடம் செய்தார்கள். நான்தான் செய்ய வைத்தேன். பதிலை ஒப்பிக்கிற பையனை நிறுத்தி, “அந்த ‘ஏ’ என்ன நிறம்டா? மோந்து பாத்தா எப்படி இருக்கும்?” என்று கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பான். அவனுக்கு ‘ஏ’ ஒரு எழுத்து. மூன்று எழுத்து சரியாகப் போட்டால் முழு மார்க்.

பிறகு சீர்திருத்தம் வந்தது. 200 மார்க் 100 ஆயிற்று. புளூபிரிண்ட் ஒழிந்தது. 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் 2019-ல் பிளஸ் டூவுக்கும் புதுப் புத்தகம். குறை சொல்லக்கூடாது, கண்ணைப் பறிக்கிற புத்தகம். இரண்டு வால்யூம், 15 யூனிட், வண்ணப் படங்கள், ஒவ்வொரு யூனிட்டின் தலையிலும் கற்றலின் நோக்கங்கள், காலில் மதிப்பிடுதல், நடுவே க்யூ.ஆர். கோடு. கருத்தியல் தாளுக்கு 70 மார்க், பிராக்டிகலுக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30. இனிமேல் புத்தகம் முழுவதையும் படித்தால்தான் உண்டு என்று அறிவித்தார்கள். இரண்டு பொதுத்தேர்வு நடந்து முடிவதற்குள் டியூஷன் சென்டர்காரர்கள் ஒழிந்துபோன புளூபிரிண்ட்டைத் தாங்களே வரைந்து, பிரிண்ட் போட்டு, கம்பிச் சுருள் பைண்டிங்கோடு விற்றார்கள்.

பள்ளிக்கூடம் மட்டும் சளைத்ததா? ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்று ஒரு சாதியை உண்டாக்கினோம். அவர்களுக்கென்று ‘மினிமம் மெட்டீரியல்’. 15 யூனிட்டில் ஐந்தாறை மட்டும் சுண்டக் காய்ச்சி இருபது பக்கம். அதைத் தின்றால் பாஸ். எந்த யூனிட்டைப் படிக்க வேண்டாம் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிற கல்வியை உலகத்துக்குக் கொடுத்த பெருமையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

ஆனால் இந்த யூனிட் முறையின் உண்மையான மகிமை இதுவல்ல. மார்க், பர்சன்டேஜ் எல்லாம் மேலே மிதக்கிற நுரை. அடியில் வேறொன்று படிந்திருக்கிறது. அது எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது.

எங்கள் ஆய்வகத்தில் எந்த உப்பைக் கொடுத்தாலும் குளோரைடு வரும்.

தமாஷுக்குச் சொல்லவில்லை. சால்ட் அனாலிசிஸ் செய்தவர்களுக்குத் தெரியும். உப்பை நீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக வீழ்படிவு வரும். அம்மோனியம் ஹைட்ராக்சைடில் அது கரைந்துவிட்டால் குளோரைடு உறுதி. எங்கள் பள்ளியில் சல்ஃபேட் கொடுத்தாலும் தயிர், நைட்ரேட் கொடுத்தாலும் தயிர். ஏனென்றால் காய்ச்சி வடித்த நீர் வாங்கப் பணம் கிடையாது. போர் தண்ணீரில்தான் கரைப்போம். அந்தத் தண்ணீரிலேயே குளோரைடு இருந்தது. தோல் பதனிடுகிற ஊர்களின் தண்ணீர் அது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதில் உப்பை வாரிக் கொட்டுவார்கள். தொழிற்சாலையில் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வளவு உப்பும் கழிவோடு கழிவாக வெளியே வரும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று நீளுகிற அந்த வரிசையில் எத்தனை கிணறுகள் இப்படி உப்பேறிப்போயின என்பதைக் கிணற்றுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பதறுவார்கள். “சார், எல்லா டெஸ்ட் டியூப்லயும் குளோரைடு வருது சார்.” நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் தெரியுமா? “அது நம்ம தண்ணியோட குளோரைடு. கண்டுக்காத. ரெக்கார்டுல எழுதாத.”

யோசித்துப் பாருங்கள். ஊர் தானாக நடந்து வந்து, ஒவ்வொரு பிள்ளையின் டெஸ்ட் டியூபுக்குள்ளும் உட்கார்ந்து, வெள்ளை வெளேரென்று கையைத் தூக்கி ‘உள்ளேன் ஐயா’ சொல்கிறது. நான் வருகைப் பதிவேட்டில் அதற்கு ஆப்சென்ட் போட்டேன். 31 வருடம்.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் தீர்ப்பு சொன்னது. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் இழப்பீடு கொடுக்க வேண்டும், சுத்திகரிப்பு நிலையம் இல்லாதவை மூடப்பட வேண்டும், மாசு செய்தவனே அதன் செலவைத் தலையில் சுமக்க வேண்டும். இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற யாரும் அந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. சட்டக் கல்லூரிகளுக்கெல்லாம் பாலாறு பாடமாயிற்று. பாலாற்றங்கரையில் இருந்த எங்கள் பள்ளிக்கு ஆகவில்லை. அது போர்ஷனில் இல்லை.

அந்த வருடம்தான் பிளஸ் டூ பெண் ஒருத்தி ஒரு குவார்ட்டர் பாட்டிலைக் கழுவி, அதில் அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை அடைத்துக்கொண்டு வந்தாள். பழுப்பு நிறம். அப்பா தோல் ஷாப்பில் வேலை. “சார், நம்ம சில்வர் நைட்ரேட்டு ரெண்டு சொட்டு ஊத்தி இதுல இன்னா இருக்குதுன்னு பாக்கலாமா சார்?”

எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்வி வரிக்கு வரி நினைவிருக்கிறது. முப்பத்தோரு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே வேதியியல் கேள்வி அது. மற்றதெல்லாம் ‘இம்பார்ட்டன்ட்டா சார்?’ ரகம்.

நான் சொன்ன பதிலும் நினைவிருக்கிறது. “சில்வர் நைட்ரேட் என்ன வெலை தெரியுமா? எக்ஸ்டர்னலுக்கு வச்சிருக்கேன். பிராக்டிகல் முடியட்டும், பாக்கலாம். வச்சிட்டுப் போ.” வாங்கி, ஒரு சீட்டில் ‘பார்க்கணும்’ என்று எழுதி ஒட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பிராக்டிகல் முடிந்தது. சில்வர் நைட்ரேட்டும் முடிந்தது. அவள் 200-க்கு 187 வாங்கினாள். குளோரைடு சோதனையை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருப்பாள். இரண்டு வருடம் கழித்துக் காலை நேரத்தில் ஷூ கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் அவளைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஓடுகிற பஸ்ஸில்.

அதே அலமாரியில் பொட்டாசியம் டைகுரோமேட் பாட்டிலும் இருந்தது. ஆரஞ்சு நிறப் படிகம், பார்க்க அழகாக இருக்கும். அதன் தயாரிப்பு ஒரு நிச்சயமான கேள்வி. குரோமைட் தாதுவைச் சோடியம் கார்பனேட்டோடு சேர்த்துக் காற்றில் வறுக்க வேண்டும், மஞ்சள் நிறச் சோடியம் குரோமேட் கிடைக்கும், அமிலம் சேர்த்தால் ஆரஞ்சாகும். மஞ்சள் எப்போது ஆரஞ்சாகும், ஆரஞ்சு எப்போது மஞ்சளாகும் என்று நான் கையை ஆட்டி ஆட்டி நடத்துவேன். ராணிப்பேட்டையில் இதே வினையை ஓர் ஆலை வருடக்கணக்காகச் செய்து, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை மலையாகக் குவித்துவிட்டு மூடிக்கொண்டு போய்விட்டது. மழை பெய்தால் மலையடியில் மஞ்சள் தண்ணீர் ஊறும். எங்கள் பள்ளியிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணம். பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப்போய் நிறுத்தியிருந்தால் போதும், ‘மஞ்சள் எப்போது ஆரஞ்சாகும்’ என்று ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் சுற்றுலா போனது கிஷ்கிந்தா தீம் பார்க்குக்கு.

இதுதான் நான் சொல்ல வந்த மகிமை. புத்தகத்தின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தமிழ்நாட்டில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த யூனிட் அந்த ஊருக்குள் ஒருபோதும் நுழைந்துவிடாதபடி வேலி போடுவதற்குத்தான் யூனிட், சப்யூனிட், கற்றல் விளைவு, லெசன் பிளான், பர்சன்டேஜ் எல்லாம். வேலி போட யாரும் சதி செய்யவில்லை. சதி செய்கிற அளவுக்கு எங்களுக்கு அக்கறை கிடையாது.

வேதிச் சமன்பாட்டில் இரண்டு அம்புக்குறிகள் உண்டு. வாயு வெளியேறினால் மேல்நோக்கி ஓர் அம்பு. வீழ்படிவு உண்டானால் கீழ்நோக்கி ஓர் அம்பு. அம்பு போட மறந்தால் அரை மார்க் குறைப்போம். பிளஸ் டூ புதுப் புத்தகத்தின் முதல் யூனிட் உலோகவியல். செம்பு எடுக்கிற கதை அதில் வரும். தாதுவை வறுக்க வேண்டும், உருக்க வேண்டும், கந்தக டை ஆக்சைடு குமிழ் குமிழாக வெளியேறும், உறைந்த செம்பின் மேல் கொப்புளம் கொப்புளமாக நிற்கும், அதனால் அதற்குக் கொப்புளத் தாமிரம் என்று பெயர். கந்தக டை ஆக்சைடு எங்கே வெளியேறுகிறது? மேல் அம்பு. அவ்வளவுதான். அந்த அம்பின் நுனியில், தூத்துக்குடி செம்பு ஆலைக்குப் பக்கத்தில், குமரெட்டியாபுரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் அந்த அம்பு எங்கே போகிறது என்று கேட்டு ஊர்வலம் போனார்கள்; போலீசார் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுவருடம் ஜூன் மாதம் அந்த ஊர்ப் பள்ளிகளிலும் இதே புத்தகம் திறக்கப்பட்டது. முதல் யூனிட், முதல் பாடவேளை. ‘கொப்புளத் தாமிரம் என்பது யாது?’ இரண்டு மார்க்குக்கு எழுதினார்கள் பிள்ளைகள்.

கீழ் அம்புக்குத் திருப்பூர். அனிலீனைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து டிகிரிக்குள் வைத்து டயசோ ஆக்கி, ஃபீனாலோடு இணைத்தால் ஆரஞ்சு நிறச் சாயம் வரும். ஐந்து டிகிரிக்காக ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து செய்வோம். நிறம் வந்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் ரசிப்பேன், அது உண்மையிலேயே மந்திரம் மாதிரி இருக்கும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் அந்த மந்திரம் தினமும் நடந்தது. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில், தயவுசெய்து தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே கெஞ்சுகிற அளவுக்கு நடந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இணைப்பு வினை இன்றும் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. அணையும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் இணைப்பு வினை மட்டும் நடக்கவில்லை.

சிவகாசியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிற்காது. சுடர்ச் சோதனையில் பேரியம் ஆப்பிள் பச்சை என்று எழுதி மார்க் வாங்கிய பையன், பட்டாசு ரூமில் அதே பேரியத்தை மருந்தோடு கலக்கப் போனான். எந்தப் பொடியை எந்தப் பொடியோடு உரசினால் தீப்பிடிக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அது செலவாகிற யூனிட். ஆள் செலவு.

கள்ளக்குறிச்சிக்கு வருகிறேன். அங்கேதான் எனக்கு எரிகிறது.

2024 ஜூன். பள்ளிகள் திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிற கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்கள் வரிசையாகச் சாகத் தொடங்கினார்கள். அறுபதைத் தாண்டிப் போயிற்று. மெத்தனால் என்றார்கள். என் பேத்தி அந்த வருடம் பிளஸ் டூ. டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “தாத்தா, மெத்தனால் குடிச்சா ஏன் கண்ணு போகுது?” நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “மிஸ்கிட்ட கேட்டேன். அது லெவன்த் யூனிட்டாம், செகண்ட் வால்யூமாம். அக்டோபர்ல வருமாம்.”

அந்த மிஸ்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் அக்டோபர் என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டேன், உட்காரு என்றிருப்பேன்.

அந்த யூனிட்டில் பிள்ளைகளுக்குத் தலைகீழாகத் தெரிந்த ஒரு கேள்வி உண்டு: மெத்தனாலையும் எத்தனாலையும் எவ்வாறு வேறுபடுத்தி அறிவாய்? அயோடினும் காரமும் சேர்த்துச் சூடாக்கு. மஞ்சள் வீழ்படிவு வந்தால் எத்தனால், வராவிட்டால் மெத்தனால். அயோடோபார்ம் சோதனை. இந்த மாநிலத்தில் வருடா வருடம் லட்சக்கணக்கான பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். கருணாபுரத்திலும் அந்தச் சோதனை நடந்தது. டெஸ்ட் டியூபுக்குப் பதிலாகக் கூலிக்காரனின் கண்ணை வைத்துச் செய்தார்கள்.

இன்னொன்றும் அந்த யூனிட்டில் உண்டு. லூகாஸ் சோதனை. மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும். ஈரிணைய ஆல்கஹால் ஐந்து பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு கலங்கும். ஓரிணைய ஆல்கஹால் அறை வெப்பநிலையில் கலங்கவே கலங்காது, சூடேற்ற வேண்டும். நம் அரசாங்கங்கள் ஓரிணைய வகை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இதே மெத்தனாலுக்குச் செத்தார்கள். கலங்கவில்லை. மறுவருடம் கருணாபுரத்தில் தெரு முழுக்கச் சிதை எரிந்த சூட்டில்தான் லேசாகக் கலங்கியது. அதிகாரிகளை மாற்றினார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். மெத்தனால் விஷத்தை உடலில் மட்டுப்படுத்த மருத்துவர்கள் எத்தனாலைக்கூட மருந்தாகப் பயன்படுத்துவது உண்டு, இரண்டும் ஒரே நொதிக்குப் போட்டி போடுவதால். மருந்தை 2003-லிருந்து அரசாங்கமே ஊருக்கு ஊர் கடை போட்டு விற்கிறது. விஷத்தை மட்டும் தனியார் வசம் விட்டுவைத்திருந்தது.

வேலையில் இருந்திருந்தால் அந்த வருடத்துக் காலாண்டுக்கு இப்படி ஒரு கேள்வி போட்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஐந்து மார்க், கட்டாய வினா: ‘ஏ’ என்ற நிறமற்ற திரவம் கருணாபுரத்தில் பாக்கெட்டில் விற்கப்பட்டது. அது கல்லீரலில் ஆக்சிஜனேற்றமடைந்து ‘பி’ ஆகிறது. ‘பி’ மேலும் ஆக்சிஜனேற்றமடைந்து ‘சி’ ஆகிறது. எறும்பு கடித்தால் எரியுமே, அந்த அமிலம்தான். ‘சி’ கண் நரம்பைக் கொல்கிறது. ‘ஏ’யைக் கலந்தவன் யார், விற்றவன் யார் என்று தெரிந்திருந்தும், மாதாமாதம் வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்தவன் ‘டி’. ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’ யாவை? பிள்ளைகள் மெத்தனால், ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம் என்று மூன்றையும் சரியாக எழுதுவார்கள். நாலாவதற்கு விடைக்குறிப்பு வராது. ‘மாணவர் முயன்றிருந்தால் முழு மதிப்பெண் வழங்கலாம்’ என்று சுற்றறிக்கை வரும்.

போட்டிருப்பேனா? மாட்டேன். அதுதான் உண்மை. மெமோ வரும், இன்க்ரிமென்ட் போகும்.

சரி, ஊரும் வேதியியலும் சந்திக்கிற யூனிட் ஒன்றுகூடப் புத்தகத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பிளஸ் ஒன்னில் ‘சுற்றுச்சூழல் வேதியியல்’. பிளஸ் டூவில் ‘அன்றாட வாழ்வில் வேதியியல்’. இரண்டுமே 15-வது யூனிட். இரண்டு புத்தகத்திலும் கடைசி. பந்தியில் கடைசி ஆளுக்கு என்ன மிச்சமிருக்குமோ அதுதான் அதற்குக் கிடைக்கிற பாடவேளை. “அது ஈஸி, நீங்களே வாசிச்சுக்கங்க” என்று நான் எல்லா வருடமும் சொன்ன யூனிட் ஒன்று உண்டென்றால் அது கடைசி யூனிட்தான்.

டெல்லி இன்னும் நேர்மை. கடைசியில் வைத்துக் கொல்வானேன் என்று 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமை குறைப்பு என்ற பெயரில் பதினொன்றாம் வகுப்பிலிருந்து சுற்றுச்சூழல் வேதியியலையும் பன்னிரண்டிலிருந்து அன்றாட வாழ்வில் வேதியியலையும் வெட்டி எறிந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையையே தூக்கிவிட்டது. மெண்டலீவ் பாரம் தாங்காமல் பிள்ளைகள் முதுகு வளைந்துபோயிருந்ததாம். 2024-ல் நீட் பாடத்திட்டமும் அதே கத்தரியைக் கடன் வாங்கிக்கொண்டது. 180 கேள்வியில் 45 வேதியியல். அதில் சுற்றுச்சூழலுக்கு இடமில்லை. நாளைக்கு எண்ணூரில் அம்மோனியா கசிந்து மூச்சுத் திணறி வருகிறவனுக்கு வைத்தியம் பார்க்கப்போகிறவர் அந்த 45 கேள்வியில் தேறி வந்தவர்தான். கசியாது என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 26 ராத்திரி கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். நல்லவேளை, அரையாண்டு லீவு. பாடம் கெடவில்லை.

நம் மாநிலம் அப்படி வெட்டவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். வெட்டுவதற்கும் கடைசியில் வைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று என் போன்ற வாத்தியார் எவரையாவது தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூவை உருப்போட வைக்கிற விடுதிப் பள்ளிகளின் கொட்டத்தை அடக்கத்தான் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26-லிருந்து அதையும் எடுத்தாயிற்று, பிள்ளைகளின் மன அழுத்தம் கருதி. அழுத்தம் குறைந்தால் வாயு விரிவடையும் என்பது பாயில் விதி. அந்த விடுதிக்காரர்கள் எவ்வளவு விரிவார்கள் என்று கணக்குப் போட கால்குலேட்டர் வேண்டாம்.

என் ஓய்வு நாளன்று ஸ்டாக் ரெஜிஸ்டரை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பியூரெட் இத்தனை, பிப்பெட் இத்தனை, உடைந்தது இத்தனை. அட்டெண்டர் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் கொடுத்தான். பேரியம் குளோரைடு, லெட் நைட்ரேட், டைகுரோமேட். நான் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். மேல்தட்டில் கையை விட்டவன் நின்றான்.

“சார், ரெஜிஸ்டர்ல இல்லாத ஒரு பாட்டில் கீது சார். ‘பார்க்கணும்’னு உங்க கையெழுத்து மாதிரி இருக்குது.”

23 வருடம். மூடிச் சந்து வழியாக ஆவியாகிப் பாதிதான் மிச்சமிருந்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சோதனை செய்யச் சில்வர் நைட்ரேட்டே வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம்.

“இத எந்தக் கணக்குல சார் சேக்கறது?”

கீழே மண்டபத்தில் மைக் டெஸ்டிங் கேட்டது. தலைமையாசிரியர் ஆளனுப்பிவிட்டார், மாலை வாடுகிறதாம்.

“சிங்க்ல ஊத்திடு” என்றேன்.

எங்கள் ஆய்வகத்துச் சிங்கின் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் திறந்த கால்வாயில் விழும். பிராக்டிகல் முடிந்ததும் லெட், பேரியம், குரோமியம் எல்லாம் நாங்கள் ஊற்றுவது அதில்தான். கால்வாய் ஏரிக்குப் போகும். அவன் பாட்டிலைக் கவிழ்த்தான். கழுத்திலிருந்த உப்பு போகவில்லை. குழாயைத் திறந்து, நன்றாகத் தண்ணீர் பிடித்து, இரண்டு மூன்று தரம் குலுக்கி அலசினான். அலசின தண்ணீரும் அதே தண்ணீர்தான்.